நான்காவது பீப்

ஓபல் வாயைத் திறப்பதற்கு முன்பே யாரோ மூச்சை இழுத்துவிட்டார்கள்.

முதல் தடவை கேட்டபோது கொரின் ஹேஸ்கெல் கண்டுகொள்ளாதவள் போல இருந்தாள். பர்பேங்க் நகரத்தில், டயர் கடைக்குப் பின்னால் இருந்த அந்த டப்பிங் கூடத்தில் பல வருடமாக ஒலிப்பதிவாளராக, நடிகர்களின் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கு இருமல், ஏப்பம், வயிற்று உறுமல், நாற்காலி முனகல் எல்லாம் அத்துப்படி. வெளியே மதிய வெயில் கார்களின் கூரையைப் பொரித்துக்கொண்டிருந்தது; ஜன்னலே இல்லாத அந்த இடத்துக்குள் எப்போதும் போல அரையிருட்டு, பழைய கம்பளத்தின் முடை, காலையிலிருந்து அடுப்பிலேயே கிடந்து கருகிப்போன காபியின் வாடை, எல்லாச் சத்தத்தையும் விழுங்கிவிட்டு நிற்கும் பஞ்சுச் சுவர்களின் கனத்த அமைதி. அங்கே ஒரு மூச்சு கூடுதலாக இருந்தால் அதை ஒளித்துவைக்க இடம் கிடையாது.

பதிவு அறையைப் பிரிக்கும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மைக்குக்கு முன்னால், ஓபல் டிரென்ட் நின்றுகொண்டிருந்தாள். அறுபதைத் தாண்டிய நாடக நடிகை. இந்த வாரம் 'ஆகி பெல்' தொடரில் அவள்தான் ஆவியோடு பேசும் பெண். ஆகி பெல் என்பவர் சலவைக் கடை வைத்திருக்கும் துப்பறிவாளர். சட்டையில் இருக்கும் கறையைப் பார்த்தே கொலைகாரனைப் பிடித்துவிடுவார், பேசும்போது பாதிப் பேச்சைத் தன் சலவை இயந்திரத்தோடு பேசுவார். நாட்டில் பாதிப் பேர் இதை வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறார்கள். இந்த வாரக் கதையில் இறந்துபோன ஒரு பெண்ணின் கோட்டைத் தூக்கிக்கொண்டு ஓபல் கடைக்கு வருகிறாள், ஏரிக் கரையில் நின்று செத்தவளின் குரலில் பேசுகிறாள், கடைசியில் ஒரு கடுகுச் சாந்துக் கறையை வைத்து அவள்தான் கொலைகாரி என்று ஆகி பெல் நிரூபித்துவிடுகிறார். ஆவி, குறி எல்லாம் புரட்டு. அதனாலேயே இந்தக் கதை கொரினுக்கு ரொம்பவும் பிடித்திருந்தது.

ஏரியில் எடுத்தபோது காற்று அடித்து வசனம் பாழாகிவிட்டதால் அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி பேச வேண்டியிருந்தது. முறை எல்லாருக்கும் ஒன்றுதான். திரையில் காட்சி ஓடும். காதில் மூன்று பீப் சத்தம் சீராகக் கேட்கும். நான்காவது கேட்காது. அது விழவேண்டிய இடத்தில், இம்மி பிசகாமல், நடிகர் பேச ஆரம்பிக்க வேண்டும். அந்தக் காலி இடம் அவருக்கென்றே விடப்பட்டது.

"நான் கீழேயே இருக்கேன். என்னை இன்னும் யாரும் எடுக்கலை." இதுதான் வரி.

கொரின் இரண்டாவது தடவை பதிவு செய்தாள். பீப், பீப், பீப். அப்புறம் அந்தக் காலி இடத்தில், ஓபலுக்கு ஒரு நொடி முன்னால், மறுபடியும் அதே மூச்சு. ஓபல் மூக்கால் சத்தமில்லாமல் இழுப்பவள். இது வாயால் இழுத்தது. நெடுநேரம் அடக்கிவைத்திருந்த ஒருவன், தலை தண்ணீருக்கு மேலே வந்ததும் பேராசையோடு இழுக்கும் மூச்சு.

"பாரெட், அது உங்களுக்குக் கேட்டுச்சா?" என்றாள் கொரின், மேஜை மைக்கில். அதில் பேசினால் உள்ளே இருக்கும் ஒலிபெருக்கியிலும் வெளி லைனிலும் கேட்கும்.

தயாரிப்பாளர் பாரெட் ஊரின் மறுகோடியில் தன் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, அதே காட்சியைப் பார்த்தபடி லைனில் கேட்டுக்கொண்டிருந்தான். எதையோ மென்றுகொண்டே பேசினான். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே. உதடுதான் வசனத்தோட ஒட்டலை. ஓபல், கொஞ்சம் சீக்கிரம் வாங்க. செத்தவளுக்கு என்ன அவசரம்னு கேக்காதீங்க, எனக்கு அவசரம்."

"என் வயசுக்கு நான் நெசமாவே செத்தவ குரல்ல பேசுற நாள் தூரமில்லை தம்பி, அப்ப வந்து எடுத்துக்கோ," என்றாள் ஓபல்.

கொரின் சிரிக்கவில்லை. அவளுக்கு வேறு கணக்கு ஓடியது. காலையில் உள்ளே நுழைந்ததும் ஓபல் கேட்ட முதல் கேள்வி: "நீ மோரோ பே ஹேஸ்கெல் குடும்பமா, கண்ணு?" ஏன் கேட்க வேண்டும்? ஓபல் தன் வீட்டிலேயே மெழுகுவத்தி ஏற்றிவைத்து ஊராருக்குக் குறி சொல்கிறாள், அதனால்தான் இந்த வேடமே கிடைத்தது என்று படப்பிடிப்பில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். மோரோ பே என்ற அந்தக் கடலோர ஊரில் போன இலையுதிர் காலத்தில் நடந்தது பேப்பரிலேயே வந்தது. யார் வேண்டுமானாலும் படித்திருக்கலாம்.

ஆர்லோ, கொரினின் தம்பி, ஒரு நாள் விடியலில் மீன்பிடிப் படகை எடுத்துக்கொண்டு போனான். படகு மட்டும் திரும்பி வந்தது, எஞ்சின் ஓடியபடியே. கடலோரக் காவல்காரர்கள் தேடிப் பார்த்துக் கைவிட்டார்கள். அம்மா பிரெஸ்னோ நகரத்தில் ஒரு குறிகாரியிடம் அவனுடைய கம்பளிச் சட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். "கீழே இருக்கிறான்" என்று அவள் சொன்னதும், அம்மா துக்கத்துக்குக் கருப்பு உடை வாங்கிவிட்டாள். கொரின் வாங்கவில்லை. உடல் கிடைக்கவில்லை, ஆகவே ஆர்லோ சாகவில்லை. எந்தத் துறைமுகத்திலோ, யார் பேச்சும் கேட்காமல், முட்டாள்தனமாக உயிரோடு இருக்கிறான். இந்த ஒரு நம்பிக்கையில்தான் அவள் தினமும் எழுந்து பல் தேய்த்தாள்.

ஆகவே இந்த மூச்சு புரட்டாக இருந்தாக வேண்டும்.

"ஓபல், ஹெட்போன் சத்தம் வெளிய கசியுதுன்னு நினைக்கிறேன். கழட்டிடுங்க. விளக்கைப் பார்த்துப் பேசுங்க."

ஓபல் கழற்றினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. பீப் சத்தம் இப்போது கொரினின் காதில் மட்டும். மூன்று முடிந்தது.

மூச்சு வந்தது. முன்பு அறையின் மூலையில் கேட்டது. இப்போது மைக்குக்குப் பக்கத்தில்.

கொரினுக்குப் பயத்துக்கு முன்னால் வந்தது ஆத்திரம்தான். "நீங்கதானே பண்றீங்க?"

"எதை?"

"மூச்சு. யார் சொன்னாங்க உங்ககிட்ட ஆர்லோவைப் பத்தி? எங்கம்மாவா? இதை வெச்சு என்ன பண்ணப் போறீங்க, என்னையும் மெழுகுவத்தி முன்னாடி உக்கார வைக்கவா?"

ஓபல் கண்ணாடி வழியே அவளைப் பார்த்தாள். சாயம் பூசிய அந்த முகத்தில் புண்பட்டது தெரிந்தது. "உன் தம்பியைப் பத்திப் பேப்பர்ல படிச்சேன். பாவம்னு தோணிச்சு, அதான் கேட்டேன். வேற ஒண்ணும் இல்லை."

"வாயைப் பொத்திக்கங்க. ரெண்டு கையாலயும். நான் பதிவு பண்றேன்."

"கொரின், என்னம்மா நடக்குது அங்க?" பாரெட்.

"மைக் சோதனை," என்றாள் கொரின். அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போல இருந்தது.

ஓபல் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பிள்ளை போல நின்றாள். பீப். பீப். பீப்.

மூச்சு வந்தது. ஈரமாக. தொண்டையில் எதுவோ களகளத்தது. பொத்திய கைகளுக்கு மேலே ஓபலின் கண்கள் விரிந்தன. ஹெட்போன் இல்லாமலே அவளுக்கும் கேட்டுவிட்டது.

அவள் கதவை இடித்துத் திறந்துகொண்டு இந்தப் பக்கம் ஓடிவந்தாள். நடக்கும்போது எப்போதும் கலகலக்கும் வளையல்களை ஒரு கையால் அழுத்திப் பிடித்திருந்தாள். "கண்ணு, கேளு. நான் வீட்டுல பண்றதெல்லாம் சுத்தப் புருடா. மேஜைக்கு அடியில கால் விரலால தட்டுவேன். வர்றவங்க கை நடுங்குறதைப் பார்த்தே மீதியைச் சொல்லிடுவேன். எனக்கு ஒரு ஆவியும் தெரியாது. சத்தியமா தெரியாது. வா, வெளிய போயிடலாம்."

கொரின் காலையிலிருந்து எதிர்பார்த்த வாக்குமூலம் அதுதான். ஓபல் ஏமாற்றுக்காரி. அதைக் கேட்டதும் மனது லேசாகியிருக்க வேண்டும். ஆனால் ஓபல் இந்தப் பக்கம் நிற்கிறாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி, ஒரு மைக், எரிந்துகொண்டிருக்கும் ஒரு சிவப்பு விளக்கு. வேறு யாரும் இல்லை.

சந்தேகப்படுவதற்கு இனி ஆளே மிச்சமில்லை என்று தெரிந்தபோது கொரினுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவள் பதிவுப் பொத்தானை அழுத்தினாள்.

"வேண்டாம்," என்றாள் ஓபல்.

பீப். பீப். பீப்.

காலி அறையில் மூச்சு. நீளமாக. திரையில் ஓபலின் முகம் வாயசைத்தது, சத்தம் இல்லை. காட்சி முடிந்தது. மூச்சு இழுத்தவர் பேசவில்லை. காத்திருந்தார்.

மறுபடி. பீப். பீப். பீப். மூச்சு. பேச்சில்லை.

இப்படித் தடுமாறுகிறவர்களைக் கொரின் நிறையப் பார்த்திருக்கிறாள். புதிதாக வருகிறவர்கள் மூச்சை இழுத்துவிட்டு, எந்தக் கணத்தில் வாயைத் திறப்பது என்று தெரியாமல் விழிப்பார்கள். அவர்களைத் திட்டிப் பிரயோசனமில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிமிர்ந்து உட்கார்ந்து, திரையோடு சேர்ந்து அவளே சத்தமில்லாமல் வாயசைத்துக் காட்டுவாள். என் உதட்டைப் பிடித்துக்கொண்டு வா என்பது அதன் அர்த்தம். கூச்சத்தில் நடுங்குகிறவர்கள்கூட இரண்டே தடவையில் பிடித்துக்கொள்வார்கள். இந்த ஊரில் அதற்காகவே அவளைத் தேடி வருவார்கள்.

அவனாக இருக்காது என்று சொல்லிக்கொண்டாள். பேசட்டும். ஒரு வரி பேசினால் போதும். அவன் குரல் இல்லை என்று தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கலாம்.

நிமிர்ந்து உட்கார்ந்தாள். பொத்தானை அழுத்தினாள்.

"கொரின், வாயை மூடு," என்றாள் ஓபல். "வாயை மூடு, கண்ணு. எனக்கு என்னவோ நல்லாப் படலை."

பீப்.

கண்ணாடியில் அவளுடைய முகம் மங்கலாகத் தெரிந்தது. அதன் வழியே காலி நாற்காலி.

பீப்.

கடல் பாசி வாடை. இங்கே எப்படி?

பீப்.

கொரின் வாயைத் திறந்தாள்.

அறை மைக்கின் ஒலியளவைக் காட்டும் முள் அசையவில்லை. அசைந்தது அவள் மோவாய்க்குக் கீழே இருந்த மேஜை மைக்கின் முள்.

"நான் கீழேயே இருக்கேன். என்னை இன்னும் யாரும் எடுக்கலை."

ஆர்லோவின் குரல். சளி கட்டியது போன்ற அந்தக் கரகரப்பு. வேறு யாருக்கும் வராது. அது காதில் விழவில்லை. அவள் பல்லில் அதிர்ந்தது. நாக்கில் புரண்டது.

அப்படியானால் அவன் செத்துவிட்டான். அவள் அலற நினைத்தாள். அலறல் வருகிற வழியில் வேறு ஒருவன் இருந்தான்.

"ஆஹா!" லைனில் பாரெட் கைதட்டினான். "இதுதான் ஓபல், இதைத்தான் கேட்டேன்! ஆம்பளைக் குரலா? அசத்திட்டீங்க! உதடு என்னமா ஒட்டுது பாருங்க!"

வரி முடிந்துவிட்டது. திரையில் காட்சி கடைசிப் படத்தில் உறைந்து நின்றது: ஏரிக் கரை, ஓபலின் முகம், திறந்த வாய். கொரின் தன் வாயை மூடப் பார்த்தாள். உதடுகள் அசைந்தன. ஆனால் மூடவில்லை. வசனத்தில் இல்லாத ஒன்றைப் பேசின.

"தள்ளிக்கோ, கொரி. இடம் பத்தலை. இன்னும் கொஞ்சம் தள்ளிக்கோ."

அவள் தள்ளிக்கொண்டாள். எங்கே என்று தெரியவில்லை. உள்ளே. பின்னால். குளிரான, இருட்டான, கீழான ஓர் இடத்துக்கு. கண்கள் மட்டும் மேலே இருந்தன.

ஓபல் அழுதுகொண்டே இரண்டு உள்ளங்கைகளாலும் அவளுடைய தாடையை மேலே தள்ளிக்கொண்டிருந்தாள். தாடை நகரவில்லை. திரையில் இருந்த வாயைப் போலவே, அதே அகலத்தில், திறந்தே இருந்தது. அதற்குள் மூச்சு போய்க்கொண்டிருந்தது. வெளியே வரவில்லை. நெஞ்சு ஏறியது. இன்னும் ஏறியது. சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தது. மேஜைமேல் இருந்த தாள்கள் அந்த வாயை நோக்கி மெல்ல நகர்ந்தன. அது இழுத்துக்கொண்டிருந்தது. நெடுநாள் கழித்து மேலே வந்தவன் இழுப்பது போல. இழுத்துக்கொண்டே இருந்தது.