எட்டாம் நாள் உழவு

1961 சித்திரை. காலை ஏழு மணி.

சாணார்பட்டிக்குக் கிழக்கே, மேய்ச்சல் புறம்போக்கில் ஒச்சம்மாளின் வெள்ளாடுகள் பதினொன்று வயிறு உப்பிக் கிடந்தன. முந்தின நாள் மத்தியானம் செத்தவை. கால்நடை ஆய்வாளர் அந்தோணிமுத்து சைக்கிளை நிறுத்தியபோது, பேகம்பூர் தோல் வியாபாரி பீர் முகமதுவின் கையை ஏட்டு கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார்.

"தோலுக்காக விஷம் வச்சுட்டான் சார். பொன்னுத்துரை கண்ணால பாத்திருக்காரு."

பக்கத்துக் காட்டுக்காரர் பொன்னுத்துரை தலையாட்டினார். "ஒச்சம்மா கஞ்சி குடிக்கப் போச்சு. செத்த நேரம் ஆட்டைப் பாத்துக்கன்னு எங்கிட்டத்தான் சொல்லுச்சு. அப்பத்தான் இவன் வந்து பிண்ணாக்கு போட்டான்."

பீர் முகமது கட்டிய கையோடு முன்னால் வந்தார். இந்தப் பழி விழுந்தால் அப்புறம் எந்த ஊருக்குள் கால் வைப்பது? "அல்லா அறிய, விலை பேசி மரத்துல கட்டின ரெண்டு கிடாய்க்குத்தான் குடுத்தேன்."

வேப்பமரத்தடியில் இரண்டு கிடாய்களும் சாவகாசமாக அசைபோட்டுக்கொண்டிருந்தன.

கட்டியவை பிழைத்தன, அவிழ்ந்து திரிந்தவை செத்தன. அப்படியானால் அவை வேறெதையோ தின்றிருக்கின்றன. இந்தக் கோடையில் புறம்போக்கில் பச்சை ஏது? அந்தோணிமுத்து பொன்னுத்துரையின் காட்டைப் பார்த்தார். முழுக்கப் புதுசாக உழுதிருந்தது.

"எப்ப உழுதீங்க?"

"இன்னைக்கு விடியக்காலம்."

"மழை?"

"பெஞ்சு எட்டு நாளாச்சு."

"சம்சாரி மழைக்கு மறுநாளே ஏர் பூட்டுவான். ஈரம் காஞ்சப்புறம் எதுக்கு மாட்டை வதைச்சீங்க?"

அந்தோணிமுத்து காட்டுக்குள் இறங்கி ஒரு மண்கட்டியைப் புரட்டினார். அடியில் ஆட்டுப் புழுக்கை. கூடவே, பாதி கடிபட்ட சோளக் குருத்து.

"வறட்சியில அறுத்த சோளக்கட்டை மழைக்குத் துளிர்த்தா அந்தக் குருத்து நஞ்சு. ஏட்டய்யா, கயித்தை அவிழுங்க. ஆட்டை இந்தக் காட்டுக்குள்ள ஓட்டிவிட்டது பொன்னுத்துரை. தடத்தை மறைக்கத்தான் உழுதிருக்காரு."

பொன்னுத்துரை கையெடுத்துக் கும்பிட்டார். "புழுக்கை விழுந்தா எருவாகுமேன்னு ஓட்டுனேன் அய்யா. வாடுன சோளந்தான் ஆகாது, மழை பெஞ்சா நஞ்சு போயிரும்னு நெனச்சேன். வெளிய ஓட்டியாந்ததும் கண்ணு முன்னாடி விழுந்துச்சுக. பயந்துட்டேன்."

பீர் முகமது கையைத் தேய்த்துக்கொண்டு ஓரமாகப் போய் அழுதார்.

குருத்தைத் தின்று ஆடு சாகுமா என்று ஏட்டுக்கு இன்னும் சந்தேகம். அந்தோணிமுத்து தாம் சிவப்புப் பென்சிலால் குறித்த தாலுகா வரைபடத்தைப் பைக்குள்ளிருந்து எடுத்து விரித்தார். "வறட்சிக்குப் பின்னால மழை விழுந்த சோளக்காட்டு ஊர் எல்லாம் சிவப்பு. குஜிலியம்பாறைப் பக்கம் ரெண்டு ஊர்ல இதே மாதிரி செத்துருக்கு. அங்கெல்லாம் எந்த யாவாரியும் போகல."

ஒச்சம்மாள் எட்டிப் பார்த்தாள். "எங்க ஊர் எது சார்?"

அவர் விரலை வைத்தார்.

"இதுவும் செவப்பாத்தான் இருக்கு. எப்பப் போட்டீக?"

"ஆறு நாளாச்சு."

"ஒரு எட்டு வந்து சொல்லியிருந்தா, நான் ஆட்டை அவுத்துருக்க மாட்டேனே."

படத்தை மையில் நேர்த்தியாக எழுதி மேலிடத்துக்கு அனுப்பிவிட்டு, அப்புறம் ஊர் ஊராகப் போய்ச் சொல்லலாம் என்றிருந்தார். அடுத்த சிவப்பு ஊர் மூன்று மைல். அந்தோணிமுத்து படத்தை மடிக்காமலே சைக்கிளில் ஏறினார்.