ஒரு சாண் இடப்பக்கம்

குறிப்பலகைக்குப் பக்கத்தில் ஒருவன் முதுகு காட்டி நின்றுகொண்டிருந்தான். ஹெர்மினா துப்பாக்கியிலிருந்து கன்னத்தை எடுத்தாள். முப்பது மீட்டர் தள்ளிப் பலகை இருந்தது. அதன் பின்னால் கோச்செவ்யே காட்டின் காலை மூடுபனி. வெறுங்கண்ணுக்கு அங்கே யாரும் இல்லை.

மறுநாள் காட்டுப்பன்றி வேட்டை. தூரத்துக் குறிக்குத் துப்பாக்கியின் மேல் தொலைநோக்கி உண்டு. பன்றி கிட்டத்தில் பாய்ந்தால் துப்பாக்கியைச் சாய்த்துப் பார்க்க, சிவப்புப் புள்ளி தெரியும் சிறு கண்ணாடி ஒன்றைத் தம்பி ஓஷ்பெய் அதன் பக்கவாட்டில் அன்றுதான் முடுக்கியிருந்தான். யாருடையது என்று கேட்டாள். போன வருடம் பன்றியென நினைத்து, புதர் கலைக்க வந்த ஸ்தானேயைச் சுட்டுக் கொன்றவனுடையதாம்.

“செத்தவன் கண்ணாடியிலயா ஒட்டிக்கிட்டிருப்பான்? பயமா இருந்தா நாளைக்கு வீட்ல கூலாஷ் குழம்பு கிண்டுக்கா.”

சுட்டாள். மூன்று குண்டும் புள்ளிக்கு ஒரு சாண் இடப்பக்கம் விழுந்தன. வெடிமருந்துப் புகையோடு ஈரக் கம்பளி வாடையும் கலந்து வந்தது. கண்ணாடிக்குள் அவன் இப்போது திரும்பி நின்றான். ஆரஞ்சு மேலுடை. கழுத்தில் முஷ்டி நுழையும் ஓட்டை.

ஓஷ்பெய் குனிந்து கண்ணாடியின் திருகைத் திருப்பினான். “இருபத்தஞ்சு கிளிக் வலப்பக்கம் வச்சிட்டேன். இனிமே புள்ளி வச்ச எடத்துலயே விழும்.”

அது அவள் காதில் ஏறவில்லை. அவள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓஷ்பெய் காதடைப்பானைக் கழற்றாமலே புதுக் காகிதம் ஒட்டப் போனான். பலகையருகே ஆள் இருந்தால் துப்பாக்கியின் குண்டறை அடைப்பு திறந்தே கிடக்க வேண்டும். திறந்துதான் வைத்தாள். பிறகு, வெறுமனே பார்க்கத்தான், சாய்த்துக் கண்ணை வைத்தாள்.

ஸ்தானே தம்பியின் இடத்தோளுக்கு மேல் தலையை நீட்டியிருந்தான். அவன் விரல்கள் தம்பியின் கழுத்துக்குள் மெல்ல இறங்கின. கணுக்கணுவாக.

கத்தினாள். தம்பி திரும்பவில்லை.

அடைப்பைத் தள்ளிப் பூட்டினாள். ஒரு சாண் இடப்பக்கம் போகும். அப்படியானால் புள்ளியை ஒரு சாண் வலப்பக்கம் வைக்க வேண்டும். வைத்தாள். புள்ளி தம்பியின் பிடரியில் நின்றது.

சுட்டாள்.

ஓஷ்பெய் பலகையைக் கட்டிக்கொண்டு முழந்தாளிட்டான். புதுக் காகிதம் முழுக்க ரத்தம். கால் ஒருமுறை உதைத்தது. அடங்கியது.

அவள் கன்னம் துப்பாக்கிக் கட்டையிலிருந்து அகலவில்லை. கண்ணாடிக்குள் இருவர் நின்றிருந்தார்கள். தோளோடு தோள். இருவர் கழுத்தின் வழியாகவும் பின்னாலிருந்த மூடுபனி தெரிந்தது.

நடந்து வரத் தொடங்கினார்கள்.