ஊதா இலைகளின் வாக்குமூலம்

மணி அடித்துக்கொண்டே இருந்தது... எடுங்களேன், எடுங்களேன் என்று போனைக் காதில் அழுத்திக்கொண்டாள் அவள்.

ஒருவழியாகக் கணவர் எடுத்தார். கோர்ட் அமீனா. உத்தரவோடு போய் வீடுகளுக்குச் சீல் வைப்பது உத்தியோகம். துப்பறிவது ஆசை.

"என்னங்க... லேப்ல கொலை."

"பிணம் எங்க?"

"தட்டுல. என் நாத்துங்க."

வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

மேஜையில் இரண்டு தட்டுகள். வலது தட்டு புற ஊதாக் கதிரில் வளர்ந்தது. இலையெல்லாம் ஊதா. இடது தட்டு கதிரே படாதது. பச்சைப் பசேலென்று இருக்க வேண்டியது...

அதன் முன்வரிசையிலும் ஊதா!

"கலர் மாறினா கொலையா?"

"செடியால ஓட முடியாது, குடை பிடிக்கவும் முடியாது. கதிர் பட்டா உள்ள தூங்கற ஜீன்களைத் தட்டி எழுப்பும். அதுங்க எந்திரிச்சு இலைக்கு ஊதாத் திரை போடும். இந்தத் தட்டுல அதுங்க தூங்கிட்டே இருக்கணும். அப்பத்தான் அங்க எதெது முழிச்சுதுன்னு ஒப்பிட முடியும். நாளைக்கு ஆய்வுக் குழு வருது. ஒப்பிடத் தட்டு இல்லேன்னா லேபையே மூடிடுவாங்க."

அமீனா மீசையைத் தடவினார்.

"வாட்ச்மேனைக் கூப்பிடு."

வந்தார் வாட்ச்மேன்.

"செடிங்களோட முன்விரோதம் உண்டா?"

"மச்சானோடதான் சார் உண்டு."

"டார்ச் அடிச்சியா?"

"பேட்டரி செத்து மாசமாச்சு. அந்தச் சாவையும் என் தலையில கட்டிடாதீங்க."

அவள் குனிந்து இலைகளையே பார்த்தாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

"அவரை விடுங்க. இதுங்களே வாக்குமூலம் கொடுக்குது. சுவர் அலமாரியைப் பார்த்த பக்கம் மட்டும்தான் ஊதா. வெளிச்சம் அங்கேர்ந்துதான் வந்திருக்கு."

சரியாக மூடாத பழைய அலமாரி. அமீனா குறுக்கே வந்து நின்றார்.

"இதைத் திறக்கணும்னா கோர்ட் ஆர்டர் வேணும்."

அவரைத் தள்ளிவிட்டுத் திறந்தாள்.

உள்ளே அவளுடைய பழைய கதிர் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே... இரண்டு கண்கள்!

ஆமை.

தரையில் இறக்கிவிட்டாள். நடந்தது... நடந்தது... மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். நடுவில் வாட்ச்மேன் ஒரு கொட்டாவி விட்டார். கடைசியில் அது அமீனாவின் செருப்பில் தலையைச் சாய்த்துக்கொண்டது.

"அடையாளம் காட்டிடுச்சு மேடம்," என்றார் வாட்ச்மேன்.

அமீனாவுக்கு முகம் தொங்கிப் போனது.

"சீல் வெச்ச வீட்டுல தனியா கிடந்துச்சும்மா. மனசு கேக்கல. இந்தக் கதிர் படலேன்னா ஓடு மெலிஞ்சிடும்னாங்க. உனக்குச் சாப்பாடு கொண்டு வர்ற சாக்குல..."

"வீட்டுக்குக் கொண்டு வந்தா என்னவாம்?"

"ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு பழமொழி இருக்கே. அதான் லேபுக்குக் கொண்டு வந்தேன்."

அவள் தட்டைத் திருப்பினாள். பின்வரிசைகள் பச்சை மாறாமல் நின்றன. ஒப்பிட அது போதும். போன உயிர் திரும்பி வந்தது.

"பழமொழியை முழுசா சொல்லுங்க."

அமீனா குனிந்து ஆமையின் ஓட்டைத் தடவினார். வாட்ச்மேன்தான் எடுத்துக் கொடுத்தார்.

"ஆமை புகுந்த வீடும்... அமீனா புகுந்த வீடும்..."

அவள் கைப்பையை மாட்டிக்கொண்டாள்.

"அமீனா புகுந்த பாதியோட இத்தனை வருஷம் குடும்பம் நடத்திட்டேன். மீதிப் பாதியையும் தூக்கிட்டு வாங்க, வீட்டுக்குப் போலாம்."