கெடாருக்கு வந்த நிழல் நாடு

கெடார் கிராமத்து மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் நிழலில், காலையில் ஒரு புதிய நாடு பிறந்தது.

பெயர், நிழல் நாடு. அதிபர் வல்லரசு. சட்ட அமைச்சர் அருணா. ராணுவம், அருணாவின் தங்கை பொன்னி.

"நான்தான் அதிபர். பேர்லயே இருக்குதில்ல?" என்று வல்லரசு சொன்னபோது யாராலும் மறுக்க முடியவில்லை.

நிழலின் ஓரத்தில் கோலமாவால் எல்லை போட்டார்கள். வெட்டிய வெண்டைக்காயை மையில் தொட்டுக் கையில் குத்தினால், அழகான பூ முத்திரை. முத்திரை இருந்தால் அந்த நாட்டு ஆள்.

"என்னையும் சேத்துக்கோங்கடா!"

தெருவுக்குக் கிழக்கே இருந்த வீட்டு வாசலிலிருந்து ரோஜா கத்தினாள். சைக்கிளிலிருந்து விழுந்ததால் அவள் காலில் மாவுக்கட்டு. அம்மா சவுரியம்மாள் காலையிலேயே நிலக்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கும் வேலைக்குப் போய்விடுவார். அப்பாவுக்குத் திண்டிவனத்தில் அரிசி ஆலையில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். பகல் முழுக்க ரோஜாவுக்கு வாசலில் போட்ட கயிற்றுக் கட்டில்தான் துணை.

"எல்லைக்குள்ள வந்தாதான் முத்திரை. அதான் சட்டம்!" என்றான் வல்லரசு.

"எழுந்து நிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"அப்போ நீ வெளிநாடு."

ரோஜா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அருணாவுக்கு மனசு கேட்கவில்லை. "நாம அங்க போய்க் குத்திட்டு வந்தா இன்னாடா?"

"சட்டத்த எழுதினதே நீதான!"



மதியம் வெயில் உச்சிக்கு ஏறியது. கோலமாவுக் கோடு போட்ட இடத்திலேயே இருந்தது. நிழல் மட்டும் நழுவிப்போய்த் தொட்டிக்கடியில் சுருண்டு கிடந்தது.

"அக்கா, கால் சுடுது!" என்று ராணுவம் நாட்டைவிட்டு ஓடிப்போய் நிழலில் நின்றது.

"ஏய் பொன்னி! நாடு இங்க இருக்குது!" வல்லரசு ஒற்றைக்காலில் குதித்தபடி கத்தினான்.

"இல்ல, இங்கதான் இருக்குது," என்றாள் பொன்னி.

அருணா நிழலைப் பார்த்தாள். காலையில் மேற்கே இருந்தது. இப்போது தொட்டிக்கடியில். அப்படியானால், சாயங்காலம்? அவள் ரோஜாவின் வீட்டைப் பார்த்தாள்.

"வல்லரசு, நம்ம நாட்டுக்குப் பேரு இன்னா?"

"நிழல் நாடு."

"அப்போ நிழல் எங்க இருக்குதோ அங்கதான நாடு?"

அதிபர் யோசித்தார். கால் சுட்டதால் வேகமாகவே யோசித்தார். "ஆமா!" என்று நிழலுக்குள் பாய்ந்தார்.

அருணா தெருவைத் தாண்டி ஓடினாள். "ரோஜா, நீ வரவே வேணாம். நாடு உங்க வூட்டுக்கு வந்துக்கினு இருக்குது!"

"நாடு நடக்குமா?"

"மெதுவா நடக்கும். பாத்துக்கினே இரு."

ரோஜா பார்த்துக்கொண்டே இருந்தாள். நிழல் நீண்டு தெருவில் இறங்கியது. சாக்கடையைத் தாண்டியது. படியேறியது. கடைசியில் மாவுக்கட்டின் நுனியைத் தொட்டது.

"நான் வந்துட்டேன்!"

"நீ எங்க வந்த? நாங்கதான் வந்தோம்," என்ற வல்லரசு, மாவுக்கட்டின் மேலேயே முத்திரை குத்தினான். வெண்டைக்காய் நசுங்கும்வரை குத்தினான்.

வேலை முடிந்து வந்த சவுரியம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றார். "யாரக் கேட்டு என் வூட்டப் புடிச்சீங்க?" என்று அதட்டிவிட்டு, கொஞ்ச நேரத்தில் அவித்த மல்லாட்டையோடு வந்தார்.

தின்று முடிப்பதற்குள் சூரியன் மறைந்தது.

"அக்கா, எல்லை எங்க?" என்றாள் பொன்னி.

அருணா சுற்றிலும் தேடினாள். எங்கும் ஒரே நிழல், ஓரமே தெரியவில்லை. "இப்ப எல்லா எடமும் நம்ம நாடுதான்."

"திண்டிவனமுமா?" என்று ரோஜா கேட்டாள்.

"திண்டிவனமும்தான்."

ரோஜா நிம்மதியாகக் கட்டிலில் சாய்ந்துகொண்டாள். "அப்போ எங்கப்பாவும் உள்ள வந்துட்டாரு."