உயராத கை

“நிறுத்துங்க! முதல்ல அந்தப் பாட்டை நிறுத்துங்க!”

ஓடி வந்த வேகத்தில் சலோமியின் கையிலிருந்த நோட்டீசுகளில் பாதி காற்றோடு போயின. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று, மே மாதம். மூன்று மணி வெயில். உத்திரமேரூர் ஏரிக்கரைக்குக் கீழே, அறுப்பு முடிந்து காய்ந்து கிடந்த வயலில் பாதி எழும்பிய கூடாரம். பக்கத்துப் பனைமரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயில் ஒரு சினிமாக் காதல் பாட்டு... நிலவையும் தேனையும் கூப்பிட்டுக் கொஞ்சிக்கொண்டிருந்தது!

பனையடியில் பேட்டரிக்கும் மைக் செட்டுப் பெட்டிக்கும் நடுவே குந்தியிருந்த இளைஞன் நிமிர்ந்து பார்த்தான்.

“இன்னாங்க... பாட்டு நல்லா இல்லியா?”

“இது நற்செய்திக் கூட்டம். கல்யாண வீடு இல்ல!”

“தெரியும்ங்க. நோட்டீசு படிச்சேன். ஆனா நாலு பாட்டு போட்டாத்தான் இங்க ஏதோ நடக்குதுன்னு பசங்களுக்குத் தெரியும். சும்மா கீற கூடாரத்தைப் பாக்க எவன் வருவான்?”

“அப்படின்னா கீர்த்தனை போடுங்க.”

“கீர்த்தனை ரிக்கார்டு நம்மகிட்ட இல்லியே...” தலையைச் சொறிந்தான். சட்டென்று முகம் மலர்ந்தது. “நீங்க பாடுங்களேன். மைக்கு தரேன்.”

கேலி செய்கிறானா? அவன் கண்களைப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது... அவற்றில் கேலி இல்லை. சாயங்கால வெளிச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் போல, அசையாத பழுப்புக் கண்கள். அவள் பதிலுக்காக உண்மையாகவே காத்திருந்தன.

வீம்புக்காகவே மைக்கைப் பிடித்தாள். முதல் வரியில் நடுங்கிய குரல் இரண்டாம் வரியில் நிமிர்ந்தது. வயலைத் தாண்டி, பஜாரைத் தாண்டி அது போவதை அவளே கேட்டாள். பாட்டு முடிந்தபோது, சத்தத் திருகில் வைத்த கையை எடுக்க மறந்து அவன் உட்கார்ந்திருந்தான்.

“சத்தம் சரியா இருந்துச்சா?”

“சத்தமா...?” அப்போதுதான் திருகிலிருந்து கையை எடுத்தான். “அதை நான் கவனிக்கலீங்க.”

வேதகிரி என்று பெயர். உள்ளூர் விவசாயக் குடும்பம். நிலத்தைச் சித்தப்பா பார்த்துக்கொள்ள, இவன் பஸ் நிலையத்துக்கு எதிரே மைக் செட்டுக் கடை வைத்திருந்தான்.

சலோமிக்கு இருபத்திரண்டு வயது. செங்கற்பட்டில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் டீச்சர். தாயில்லாப் பெண். அப்பா ஞானாதிக்கம் உபதேசியார் முப்பது வருஷமாக ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்கிறவர். “பெரியவங்களுக்கே எத்தனை கூட்டம்ப்பா? ஹைஸ்கூல் பிள்ளைங்களுக்குன்னு மூணு நாள் நடத்துவோம்” என்று அவரைப் பிடிவாதமாகச் சம்மதிக்க வைத்தவள் அவள்தான். பாட்டு, படக்கதை, வினாப் போட்டி, கடைசி நாள், இயேசுவை ஏற்கிறவர்களைக் கை உயர்த்தச் சொல்லும் அப்பாவின் அழைப்பு... எல்லாம் அவள் போட்ட திட்டம்.

முதல் நாள் அறுபது பையன்கள் வந்தார்கள். பெண்களுக்கென்று வலப்பக்கம் விரித்த பாய்கள் மட்டும் விரித்தபடியே கிடந்தன. ஒருத்திகூட வரவில்லை.

கூட்டம் கலைந்ததும் அந்தப் பாய்களைச் சுருட்டும்போது அவளுக்கு அழுகை முட்டியது. ஒயர் சுற்றிக்கொண்டிருந்த வேதகிரி தள்ளி நின்றே பேசினான்.

“டீச்சர்... ஒண்ணு சொல்லட்டா? நோட்டீசை நம்பி யாரும் வயசுப் பொண்ணை வயலுக்கு அனுப்பமாட்டாங்க. நீங்களே போயி கூப்பிடணும். எங்க வூட்டுலேர்ந்து ஆரம்பிங்க. தங்கச்சி பாஞ்சாலி பத்தாவது படிக்குது.”

“உங்க அம்மா விடுவாங்களா?”

“அதான் பேஜாரு. அம்மாவைத் தாண்டிட்டீங்கன்னா இந்த ஊரையே தாண்டிடலாம்.”

அழ நினைத்தவள் சிரித்துவிட்டாள்.

மறுநாள் காலை அவன் அம்மா ஆதிலட்சுமி புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

“நீதான் மைக்குல பாடின பொண்ணா? வேதக்காரங்களாமே. எங்க பொண்ணையும் வேதத்துல சேத்துடுவியா?”

“பாட்டு சொல்லித் தருவேம்மா. கதை சொல்லுவேன். இயேசுவைப் பத்தித்தான் சொல்லுவேன், அதை மறைக்கமாட்டேன். நம்பறதும் நம்பாததும் அவங்கவங்க மனசு. இருட்டறதுக்குள்ள நானே கொண்டாந்து விடறேன்.”

ஆதிலட்சுமி இப்போதுதான் நிமிர்ந்தாள். அதே பழுப்புக் கண்கள்...

“மறைக்காம சொல்ற. சரி, இட்டுக்கினு போ. மோர் குடிச்சிட்டுப் போ.”

பாஞ்சாலியைக் கூட்டிக்கொண்டு தெருத் தெருவாக நடந்தாள் சலோமி. அன்று மாலை வலப்பக்கப் பாயில் பன்னிரண்டு பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பனையடியிலிருந்து வேதகிரி ஒவ்வொருத்தியாக எண்ணி, விரல்களைக் காட்டிச் சிரித்தான். அவள் அவசரமாகப் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள். எந்தப் பக்கம் என்பதே மறந்துபோயிருந்தது.

அன்றைக்குக் கெட்ட குமாரன் கதை. சொத்தைப் பிரித்து வாங்கிப் போய் அழித்துவிட்டுக் கந்தலோடு திரும்பும் இளைய மகனை, அப்பா ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிற இடத்தில் அவள் குரல் தழுதழுத்துத் தாழ்ந்தது. உடனே, யாரும் உணராதபடி மெதுவாக, குழாயின் சத்தம் உயர்ந்து அந்தக் குரலைத் தாங்கிக்கொண்டது. அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் திருகைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கூட்டம் முடிந்து பெண்களை அழைத்துக்கொண்டு கிளம்பும்போது கேட்டான். “டீச்சர், அந்தப் பெரிய பையன்... வூட்டுலயே இருந்து பாடுபட்டவன். தம்பிக்கு விருந்துன்னதும் கோச்சிக்கினு வெளியவே நின்னுட்டானே. கடைசியில உள்ள போனானா இல்லியா?”

“வேதத்துல அது சொல்லலே.”

“அப்போ அந்த அப்பா அவனைக் கூப்பிட்டுக்கினு இன்னும் வாசல்லயேதான் நிக்கறாரா?”

எத்தனை வருஷமாகச் சலோமி இந்தக் கதையைச் சொல்கிறாள்... ஒருநாளும் இப்படித் தோன்றியதில்லையே! வழி நெடுகப் பெண்கள் பேசியது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. இப்படிக் கேட்கத் தெரிந்தவன் பக்கத்தில் ஒரு ஆயுசு முழுக்கக் கதை சொல்லிக்கொண்டிருந்தால்...? சீ, இது என்ன நினைப்பு!

அப்பாவின் கண்ணுக்கு இது தப்பவில்லை. மூன்றாம் நாள் காலை, காப்பி டம்ளரைக் கையில் உருட்டியபடி சொன்னார்.

“பையன் நல்லவன்தான் சலோமி. ஆனா அவன் வழி வேற, நம்ம வழி வேற. இன்னிக்கு நான் அழைப்புக் கொடுக்கும்போது அவனா கை தூக்கினா... அப்போ பேசலாம்.”

அன்று பகல் முழுக்க அவள் செய்தது ஒரே ஜெபம். ஆண்டவரே, அந்தக் கை... அந்த ஒரு கை...

மாலையில் எதிர்பாராத கோடை மழை. பொட்டுப் பொட்டாகத் தொடங்கிக் கூடாரத் துணியின் மேல் சோளம் பொரிகிற மாதிரி பொரிந்தது. மண்வாசனை எல்லார் நெஞ்சையும் என்னவோ செய்தது. பெட்டி நனையாமலிருக்க வேதகிரி தன் மேல்துண்டால் மூடி, இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு நின்றான். உபதேசியார் அழைத்தார்.

“பயந்து தூக்க வேண்டாம். பக்கத்துல இருக்கறவன் தூக்கினான்னு தூக்க வேண்டாம். உள்ளத்துல நிஜமா தோணினா மட்டும் கையை உயர்த்துங்க.”

அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆறேழு இளம் கைகள் உயர்ந்தன. எல்லாத் தலைகளும் குனிந்திருக்க, சலோமி மட்டும் கண்ணை மூடவில்லை. அவன் வலது கை காலியாகத்தான் இருந்தது. அது இடுப்பு வரை வந்தது... அவன் கண்கள் அவளைச் சந்தித்தன.

கை கீழே போய்விட்டது.

மழை விட்டபின் அவன் குழாயை இறக்கிக்கொண்டிருந்தான். அவள் நேரே போய் நின்றாள்.

“மூணு நாளா கேட்டீங்களே... உங்களுக்கு ஒண்ணுமே தோணலியா?”

“தோணிச்சு.”

“அப்புறம் ஏன்...?”

“கை பாதி வந்துச்சு டீச்சர். அப்போ உங்களைப் பாத்தேன். நீங்க என்னையே பாத்துக்கினு இருந்தீங்க.” அவன் குரல் இறங்கியது. “தூக்கினா அது சாமிக்கா, உங்களுக்கான்னு எனக்கே புரியலே. நிஜமா தோணினா தூக்குங்கன்னு ஐயா சொன்னாரு. நிஜம் எதுன்னு தெரியாம எப்படிங்க தூக்கறது?”

அவள் முகம் தீப்பட்டது போலச் சிவந்தது. தன் மனசை யாரோ நடுத்தெருவில் பிரித்துக் காட்டினாற்போல இருந்தது. அந்த வெட்கமே கோபமாயிற்று.

“உங்க கைக்காக இங்க யாரும் காத்துக்கிட்டு இருக்கல!”

சொன்னது பொய். அவனுக்கும் அது தெரிந்திருக்கும். காலையில் செங்கற்பட்டு பஸ் புறப்படும்போது அவன் கடை வாசலில் நின்றிருந்தான். அவள் திரும்பவில்லை. கழுத்து வலிக்கும் அளவுக்குத் திரும்பாமலே உட்கார்ந்திருந்தாள்.

ஜூன் போயிற்று. ஜூலை போயிற்று. செங்கற்பட்டில் எந்தக் கல்யாண வீட்டில் குழாய் பாடினாலும் அவள் கையிலிருந்த சாக்குக்கட்டி கரும்பலகையில் நின்றுவிடும். வகுப்பில் ஒரு கதை சொல்லி முடித்ததும், யாராவது ஏதாவது கேட்கமாட்டார்களா என்று பார்ப்பாள். பிள்ளைகள் மணி எப்போது அடிக்கும் என்று பார்ப்பார்கள். ஜெபிக்க முழங்காலிட்டால் வார்த்தை வராது. எதைக் கேட்பது...? அன்று கேட்டதே சரியா?

அக்டோபரில் பாஞ்சாலியின் கடிதம் வந்தது.

“டீச்சருக்கு நமஸ்காரம். நாங்கள் பன்னிரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பாட்டுப் பாடுகிறோம். அம்மாவே பாய் போடுகிறாள். மூன்றாவது பாட்டு ராகம் மறந்துபோச்சு. ஒருதரம் வாருங்கள். அண்ணனுக்கு வாலாஜாபாத்தில் பெண் பார்த்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டான். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை.”

கடிதத்தை நான்கு தரம் படித்தாள். கடைசி மூன்று வாக்கியங்களை மட்டும் எத்தனை தரம் என்று கணக்கில்லை. பிறகு அப்பாவின் எதிரே போய் நின்றாள்.

“அப்பா, அன்னிக்கு அந்தக் கை உயரணும்னு நான் ஜெபம் பண்ணேன். அவர் ஆத்துமாவுக்காக இல்ல... எனக்காக. தப்பு என்னோடது. அவர்தான் நேர்மையா இருந்தார். எனக்கு அவரைத் தவிர வேற யாரையும் நினைக்க முடியலப்பா.”

உபதேசியார் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து, கை வைக்காமலே சொன்னார்.

“முப்பது வருஷமா அழைப்புக் கொடுக்கறேன். வேலைக்காகக் கை தூக்கினவங்களைப் பார்த்திருக்கேன். மிஷன்ல கொடுக்கற பால் பவுடருக்காகத் தூக்கினவங்களையும் பார்த்திருக்கேன். தெரிஞ்சும் ஸ்தோத்திரம் சொல்லியிருக்கேன். அந்தப் பையன் என்னை அப்படிச் சொல்ல வைக்கல.” மூக்கை உறிஞ்சினார். “கோயில்ல நின்னு உனக்கு நான் கல்யாணம் பண்ணி வைக்க முடியாதும்மா. ஆசை ஆசையா நினைச்சிருந்தேன்... ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வரேன். கையெழுத்துப் போடறேன். என்னால முடிஞ்சது அவ்வளவுதான்.”

அவள் அப்பாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவர் கை அவள் தலையைத் தடவியது.

நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஐப்பசி மழை ஊரைக் கரைத்துக்கொண்டிருந்தது. ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாகத் தண்ணீர் வெளியேறுகிறது என்று பஸ்ஸில் எல்லாரும் அதையே பேசினார்கள். சலோமி இறங்கியதும் குடை காற்றின் ஒரு சுழற்றலில் மடங்கிப்போயிற்று. நனைந்துகொண்டே எதிர்க் கடைக்கு ஓடினாள்.

பெட்டியைப் பிரித்து வைத்து ஏதோ பற்ற வைத்துக்கொண்டிருந்த வேதகிரி எழுந்தான். ஆறு மாதத்தில் இளைத்திருந்தான்.

“டீச்சர்...! பொண்ணுங்களைப் பாக்க வந்தீங்களா? சாயங்காலம்தானே பாட்டு...”

“ஆமா.” மூச்சு வாங்கினாள். “இல்ல. முதல்ல உங்களைப் பார்க்க வந்தேன். அன்னிக்கு நான் சொன்னது பொய். உங்க கைக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். அது உயராததுக்காக முதல்ல கோபப்பட்டேன். அப்புறம்... அதுக்காகவே உங்களை மறக்க முடியல.”

அவன் நீர் சொட்டும் அவள் இமைகளையே பார்த்தான்.

“அப்பாகிட்ட சொல்லிட்டேன். ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வர்றேன்னார்.”

“டீச்சர்... எனக்கு என்னிக்காவது நிஜமா தோணிச்சுன்னா நானே ஐயா முன்னால போயி நிப்பேன். தோணலேன்னா நிக்கமாட்டேன். இப்பவே சொல்லிடறேன். அதுக்குச் சம்மதமா?”

“சம்மதம். நானும் என் ஜெபத்தை விடமாட்டேன். அதுக்குச் சம்மதமா?”

“எங்க வூட்டுல ஞாயித்துக்கிழமை ஆனா அதானே நடக்குது!” சிரித்தான். அவளும் சிரித்தாள்.

“உங்க அம்மா...?” அவள் குரலில் திடீரென்று பயம்.

“வாலாஜாபாத்துப் பொண்ணை வேணாம்னப்புறம் அம்மா விடலே. சொல்லிட்டேன். ரெண்டு வாரம் திட்டிச்சு. இப்போ, ‘அந்த மறைக்காம பேசற பொண்ணுதானே’ன்னுது.” அவன் தயங்கினான். “எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். உங்ககிட்டதான் இன்னும் சொல்லலே.”

“என்ன சொல்லலே?”

ஊருக்கெல்லாம் குரல் கொடுக்கிறவன் தரையைப் பார்த்தான். மழையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

“எனக்கு... உங்களை ரொம்பப் புடிச்சிருக்கு சலோமி.”

முதல் தடவையாகப் பெயர் சொல்லியிருக்கிறான்! தகரக் கூரை மேல் மழை கொட்டுகொட்டென்று கொட்டியது.

“என்ன...? மழையில கேக்கலியே... சத்தமா சொல்லுங்க.”

அவன் சத்தமாகவே சொன்னான். பக்கத்து டீக்கடையில் நின்றிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சலோமி ஈரத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

முதல் தடவையே அவளுக்குக் கேட்டிருந்தது.