சுவருக்குள் ஓர் இருமல்

"தட்டுறது பேய்தான்னு சொல்றேன்ல! திரும்பத் திரும்ப வந்து கேட்டா?" தையற்கூடத்து முதலாளி கத்தினார்.

"பட்டப்பகல்ல எந்தப் பேய்ங்க தட்டும்?" பக்கத்து வீட்டு அம்மாவும் விடவில்லை.

தன் கட்டடத்தில் பேய் இருப்பதை இத்தனை பெருமையாகச் சொன்ன ஆளைத் தெரு அதுவரை கண்டதில்லை.

அந்த அம்மாவின் மகளுக்கு முந்திரிக்கொட்டை என்று பட்டப்பெயர். சண்டை நடக்கும்போதே வீட்டுக்குள் ஓடி, இரு கட்டடத்துக்கும் பொதுவான சுவரில் காதை வைத்தாள். சுவர் சில்லென்று இருந்தது.

டொக்... டொக்...

முதுகு சிலிர்த்தது. ஆனாலும் கை சும்மா இருக்குமா? அவளும் தட்டினாள்.

சத்தம் நின்றது. பிறகு அவள் தட்டியதைப் போலவே சுவர் திருப்பித் தட்டியது. உள்ளே யாரோ இருமினார்கள்.

"அம்மா! பேய்க்கு இருமல் வருமா?"

அம்மாவும் காதை வைத்தார். சின்னப் பிள்ளையின் இருமல். உடனே குழந்தைகளுக்கான உதவி எண்ணை அழைத்தார்.

மதியமே தொழிலாளர் துறை அதிகாரியம்மா ஒரு போலீஸ்காரரோடு வந்தார். தையல் மெஷின்களில் பெரியவர்கள் மட்டுமே இருந்தார்கள்.

"பாருங்க மேடம், எல்லாரும் பேரன் பேத்தி எடுத்தவங்க," முதலாளி இளித்தார்.

அதிகாரி வாசல் பக்கம் திரும்பிவிட்டார். பின்னாலேயே நுழைந்திருந்த முந்திரிக்கொட்டை, துணிமூட்டைகள் அடுக்கிய சுவரைத் தட்டினாள். பதில் இல்லை. மெஷின்கள்கூட நின்றுவிட்டன.

"பேயோட விளையாடக் கூடாது பாப்பா," என்றார் முதலாளி. அவர் நெற்றி வியர்த்திருந்தது.

அவள் மூட்டைகளின் இடுக்கில் வாயை வைத்தாள். "நான்தான், பக்கத்து வீடு. காலைல தட்டினேனே! பயப்படாதீங்க, மேடம் வந்திருக்காங்க."

டொக்.

பிறகு பல கைகள் சேர்ந்து தட்டின. மூட்டைகள் நடுங்கின.

போலீஸ்காரர் அவற்றைத் தள்ளினார். பின்னால் ஒரு குட்டிக் கதவு. உள்ளே அரையிருட்டில் கண்கள், வெறும் கண்கள். கண் பழகியபின்தான் தெரிந்தது: தலையெல்லாம் நூல்தூசி, கையில் ஊசியும் பொத்தானுமாகப் பிள்ளைகள்.

"பேசினா அடி விழும்," என்றாள் அவர்களில் சின்னவள். "தட்டினா யார் தட்டினதுன்னு தெரியாதுல்ல?"

தையற்கூடத்துக்குப் பூட்டு விழுந்தது. வழக்குக்கு அலைந்தே முதலாளி பாதியாகிப்போனார். அதிகாரியம்மா அந்தப் போலீஸ்காரரையே கட்டிக்கொண்டு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். அந்த ஜோடிமேல் தெருவுக்கு அன்றைக்கே ஒரு சந்தேகம்தான். சின்னவளின் குடும்பம் அடுத்த தெருவுக்குக் குடிவந்தது. அவள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவள் பேச ஆரம்பித்தால், டீச்சரே கையைத் தூக்கிவிட்டுத்தான் பேச வேண்டியிருக்கிறதாம்.