திருப்ப வேண்டிய நேரம்: மாலை நான்கு

இருக்கக் கூடாத இடத்தில் ஒரு ட்ரேசர் கார்டு நீட்டிக்கொண்டிருந்தது.

ஜெபா அதைப் பார்த்தும் பார்க்காதவளாக இரண்டடி தாண்டிப் போனாள், நின்றாள், திரும்பி வந்தாள். பதினோரு வருடமாக இந்த ஆஸ்பத்திரியின் அடித்தள அறையில் நோயாளிகளின் ஃபைல்களை அடுக்குவதும் எடுத்துக் கொடுப்பதும்தான் அவள் வேலை. ஒரு ஃபைலை வார்டுக்கு அனுப்பினால், அது இருந்த இடத்தில் ஓர் ஆரஞ்சு அட்டையைச் செருக வேண்டும். ஃபைல் எண், பெயர், எடுத்தவர் யார், எப்போது திருப்ப வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். இந்த இடத்துக்குரிய ஃபைல் வெளியே போயிருக்கிறது, திரும்பி வந்துவிடும் என்று அர்த்தம். அதில் பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் இந்தக் கார்டு இருந்தது இறந்தவர்களின் வரிசையில்.

அங்கேயிருந்து யாரும் எதையும் எடுப்பதில்லை. உயிரோடு இருப்பவர்களின் ஃபைல்கள் எண்ணின் கடைசி இரண்டு இலக்கப்படி, பூஜ்யம் பூஜ்யத்திலிருந்து தொண்ணூற்றொன்பது வரை நூறு தட்டுகளில் நிற்கும். ஆள் இறந்துவிட்டால் எண்ணுக்கு மதிப்பில்லை. மூலையில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டி, தேதிவாரியாக எதிர்ச் சுவர் ரேக்குக்குப் போய்விட வேண்டியதுதான். நேற்று சனிக்கிழமை இரண்டு பேர். அவர்களுக்கு அடுத்து காலித் தட்டு. அந்தக் காலித் தட்டின் தொடக்கத்தில்தான், இன்றைய ஞாயிற்றுக்கிழமைக்கு உரிய இடத்தில், கார்டு நின்றது.

எடுத்துப் படித்தாள். 04-17-63. த. பால்ராஜ். எடுத்தவர்: ஜெபா. திருப்ப வேண்டிய நேரம்: மாலை 4.00.

பால்ராஜ் அவளுடைய தம்பி. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். குடல்வால் வெடித்து வியாழக்கிழமை இதே ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆகி, இரண்டாவது மாடியில் படுத்திருக்கிறான். நாளைக்கு டிஸ்சார்ஜ் என்று டாக்டரே சொல்லியிருந்தார். அம்மா அப்பா இல்லாத வீட்டில் அவனை ஆளாக்கியவள் ஜெபா. அவளுக்குப் பயத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. எந்த நாய் இப்படி விளையாடுகிறது? கார்டை நான்காகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

மணி மூன்று ஐந்து. மேலே பூந்தமல்லி சாலையில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். இங்கே ஜன்னல் கிடையாது, பகல் இரவு கிடையாது. பழைய ஃபைல்களை ஸ்கேன் செய்யும் ஆட்கள் நாளைக்கு வருகிறார்கள் என்று ஞாயிற்றுக்கிழமையும் அவள் மட்டும் வேலைக்கு வந்திருந்தாள். டியூப்லைட்டின் ரீங்காரம், மேல்மாடிக் கழிவுநீர்க் குழாயில் அவ்வப்போது இறங்கும் தண்ணீரின் களகளப்பு, ஃபினாயிலையும் மீறி நாற்பதாயிரம் ஃபைல்களிலிருந்து கசியும் பழைய காகித வாடை, லாரி போகும்போதெல்லாம் இரும்பு ரேக்குகளில் எழும் மெல்லிய நடுக்கம் எல்லாம் அவளுக்குப் பழகிப்போனவை. அவற்றுக்கு நடுவே இன்று பழகாத ஒன்றும் இருந்தது. நனைந்த துணியை மூடி வைத்தது மாதிரி ஒரு வாடை, கடைசி வரிசைப் பக்கமிருந்து.

தம்பிக்குப் போன் செய்தாள்.

"இன்னாக்கா, கீழதான கீறே? மேல வந்து ஒரு எட்டு பாத்துட்டு போறது."

"எப்படிடா இருக்கே?"

"நல்லாத்தான் கீறேன். கஞ்சி ஊத்தியே சாவடிக்கிறாங்க. நாளைக்கு சேக்காட்டு வீட்டுக்குப் போறப்போ வழியில பரோட்டா வாங்கிக் குடு, சொல்ட்டேன்."

"வாயக் கழுவு. சாவடிக்கிறாங்களாம்" என்றாள். அவன் சிரித்தான், தையல் வலித்து 'ஸ்ஸ்' என்றான். அந்த வலிச் சத்தம்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

அடுத்து வார்டு நர்ஸ் தீபிகாவுக்குப் போட்டாள். "தம்பி ஃபைல் அங்கதான இருக்கு?"

"இல்லக்கா, நீங்கதான கேட்டு அனுப்புனீங்க? அரை மணி முன்னாடி அட்டெண்டர் வந்து வாங்கிட்டுப் போனாரே."

"யாரு, லோகநாதனா?"

"லோகநாதன் அண்ணன் சாப்பிடப் போயிருக்காரு. இது வேற யாரோ. நான் ட்ரிப்ஸ் மாத்திட்டிருந்தேன், மூஞ்சிய பாக்கல."

ஜெபா யாரையும் அனுப்பவில்லை. இந்த அறைக்கு ஒரே கதவு, அதையொட்டி அவளுடைய மேஜை. மதியத்திலிருந்து ஒருவரும் உள்ளே வரவில்லை. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு அறுபத்துமூன்றாம் தட்டுக்கு ஓடினாள். ஃபைல் அங்கே இல்லை. எதிர்ச் சுவருக்கு வந்தாள்.

கிழித்த கார்டு அதே இடத்தில் முழுசாக நின்றது. அதை ஒட்டி, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக, பால்ராஜின் ஃபைல். மூலையில் கறுப்பு ஸ்டிக்கர் புத்தம் புதிதாகப் பளபளத்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஃபைல் ஒரு விரற்கடை உள்ளே நகர்ந்தது.

போன் அடித்தது. "அக்கா, உடனே மேல வாங்க" என்று தீபிகா மூச்சு வாங்கினாள். "பிபி சர்ருனு இறங்குது. இப்பதான் பேசிட்டிருந்தாரு, கண்ணு சொருவுது..."

ஜெபா ஃபைலைப் பிடித்து வெளியே இழுத்தாள். உள்ளேயிருந்து ஏதோ விட மறுத்தது, பிறகு விட்டது.

"இருங்க... இருங்கக்கா. ஏறுது. நார்மலுக்கு வந்துட்டுது. கண்ணத் தொறந்துட்டாரு. மெஷின்தான் கோளாறு போல."

கோளாறு மெஷினில் இல்லை. ஜெபாவுக்குப் புரிந்துவிட்டது. ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு கதவு வரைக்கும் போனவள் அங்கேயே நின்றாள். மேலே கொண்டுபோய் என்ன செய்ய? மேலேயிருந்துதானே எடுத்து வந்திருக்கிறது! இரண்டாம் மாடியென்ன, ஆவடிக்கே கொண்டு ஓடினாலும் வந்து வாங்கிக்கொண்டு போகும். ஃபைல் அட்டையில் எண் இருக்கிறவரை அதன் இடம் இதுதான்.

மூன்று இருபது.

கடைசி வரிசையில் சத்தம் தொடங்கியது. ஃபைல்களின் முதுகில் யாரோ விரலை வைத்துத் தடவிக்கொண்டே வருகிற சத்தம். டக், டக், டக். அவசரமே இல்லை. ஒரு வரிசை முடிந்தது. அடுத்த வரிசை. அவளும் அப்படித்தான் தேடுவாள், எண்களை வாய்க்குள் முணுமுணுத்தபடி. முணுமுணுப்பும் கேட்டது. நனைந்த துணி வாடை தொண்டைக்குள் இறங்கியது. அவள் நின்ற இடத்துக்கு நேர் பின்னே, ரேக்குக்கு அந்தப் பக்கம், சத்தம் நின்றது. கையிலிருந்த ஃபைலை யாரோ இழுத்தார்கள். பிடுங்கவில்லை. கவுண்டரில் நின்று, 'கொடுங்க மேடம்' என்று மரியாதையாக வாங்குவதைப் போன்ற இழுப்பு.

"தர மாட்டேன்" என்றாள் ஜெபா. குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும். "எழுதி வெச்சா குடுத்துடணுமா? போடா."

இழுப்பு நின்றது. காத்திருந்தது. நான்கு மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறதே!

எண்ணை வைத்துத் தேடுகிறது. அவளும் எண்ணை வைத்துத்தான் தேடுவாள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் முதல் நாளே அவள் கத்துகிற விஷயம், ஃபைல் தீப்பிடித்தால்கூட மன்னித்துவிடுவேன், இடம் மாற்றி வைத்தால் மன்னிக்கமாட்டேன் என்பது. எரிந்தால் எரிந்தது என்றாவது தெரியும். மாற்றி வைத்த காகிதம் இதே அறையில் இருக்கும், யார் கண்ணிலும் படாது. இந்தப் பதினோரு வருடத்தில் அவள் கையால் ஒரு காகிதம் இடம் மாறியதில்லை. அதில் அவளுக்குத் திமிரே உண்டு.

ஃபைலைக் கட்டியிருந்த டேக் கயிற்றை அவிழ்த்தாள்.

முப்பத்தெட்டுத் தாள்கள். அட்மிஷன் சீட்டு, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மயக்க மருந்துக் குறிப்பு, பால்ராஜ் கோணலாகப் போட்ட கையெழுத்து. முதல் தாளை எடுத்து ஏதோ ஒரு தட்டில், ஏதோ ஒரு ஃபைலுக்குள் செருகினாள். கை கூசியது. எண்ணைப் பார்க்கவில்லை. தனக்கே தெரியாமல் இருந்தால்தான் அதற்கும் தெரியாது. இரண்டாவது தாள் வேறு வரிசையில். மூன்றாவது ஏணியில் ஏறி மேல்தட்டில். கண்ணை மூடிக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாக ஓடினாள். பின்னாலேயே சத்தம் வந்தது. டக், டக். அவள் நின்றால் நின்றது. அவள் ஓடினால் வந்தது. புடவை வியர்வையில் முதுகோடு ஒட்டியது. முப்பத்தாறு. முப்பத்தேழு. முப்பத்தெட்டு.

மூன்று ஐம்பத்தெட்டு. தாளில்லாத வெறும் ஃபைல் அட்டையைக் கொண்டுபோய் அந்தக் கார்டுக்குப் பக்கத்தில் சொருகினாள்.

"இந்தா. வெச்சுக்கோ."

நான்கு மணி. அட்டை உள்ளே நகர்ந்தது. முழுசாகப் போயிற்று. உள்ளே அட்டையைத் திறக்கும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. டியூப்லைட்டின் ரீங்காரம்கூட நின்றிருந்தது.

போன்.

"அக்கா, இவங்க டீக்கு பிஸ்கட்டு தரமாட்றாங்க. நீ வரும்போது வாங்கிகினு வா."

ஜெபா தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "வாங்கிட்டு வரேன்டா" என்றாள். "ஒரு பாக்கெட் என்ன, பத்துப் பாக்கெட் வாங்கிட்டு வரேன்." ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தாள்.

அப்போதுதான் எதிரே ஒரு கார்டு முளைத்தது.

காலித் தட்டில், நின்ற வாக்கில், ஆரஞ்சு நிறத்தில். அதன் பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. சீட்டுக் கட்டை ஒவ்வொன்றாகப் போடுகிற நிதானத்தில் வந்துகொண்டே இருந்தன. முட்டி போட்டு நகர்ந்து போய்ப் படித்தாள்.

கண்ணம்மா, வயது 61. எடுத்தவர்: ஜெபா. திருப்ப வேண்டிய நேரம்: மாலை 5.00.

முகமது இஸ்மாயில், 34. எடுத்தவர்: ஜெபா. 5.00.

விஷ்ணு, 7.

ஏழு வயது. எடுத்தவர்: ஜெபா.

எண்ணத் தேவையில்லை. முப்பத்தெட்டு இருக்கும். தம்பியின் ஒரு தாள் எந்தெந்த ஃபைலுக்குள் போயிற்றோ, அந்த ஃபைல் முழுசாக இந்தப் பக்கம் வந்துவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அவர்களெல்லாம் இப்போது எங்கேயோ வீட்டில் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். ஐயப்பன்தாங்கலில், வானகரத்தில், யாரோ ஒரு பையன் தெருவில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பான். ஒவ்வொரு கார்டிலும் எண் தெளிவாக இருந்தது. அதுவும் வேண்டுமென்றேதான். எண்ணைப் பார்த்துப் போய், ஒவ்வொரு தாளாக உருவி, திரும்ப ஒன்றாகக் கட்டிக் கொடுத்தால் முப்பத்தெட்டுப் பேரும் பிழைப்பார்கள். அதற்கு ஒரு மணி நேரம் தந்திருக்கிறது. தேடுகிற வேலையை அவளிடமே விட்டுவிட்டது.

ஒன்று அவன். இல்லையென்றால் இவர்கள்.

ஜெபா வெகுநேரம் அந்தக் குழந்தையின் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள்.

"ரெண்டும் கிடையாது" என்றாள்.

கார்டுகளைக் கொத்தாகப் பிடுங்கி எறிந்தாள். எறிய எறிய வந்தன. வந்தால் வரட்டும். ஃபைல் வைக்க வேண்டுமானால் தட்டில் இடம் வேண்டுமே! பழைய ரிஜிஸ்டர்களைத் தூக்கி வந்து காலித் தட்டிலும் அதன் கீழ்த் தட்டுகளிலும் திணித்தாள். அட்டைப் பெட்டிகள், பிரிண்டர் காகிதக் கட்டுகள், குடிதண்ணீர் கேன், தன் கைப்பை, சாப்பாட்டு டப்பா. ஒரு விரல் நுழைய வழியில்லாமல் அடைத்தாள். அடித்தட்டு மட்டும் பாக்கி இருந்தது. திணிக்க இனி எதுவும் இல்லை.

உட்கார்ந்தாள். முதுகை உள்ளே கொடுத்து, தலையைக் குனிந்து, முழங்காலை மடக்கித் தானே அந்தத் தட்டுக்குள் ஏறிக்கொண்டாள். குளிர்ந்த இரும்பு இரண்டு தோளிலும் அழுந்தியது.

"இடம் இல்ல" என்று இருட்டு வரிசைகளைப் பார்த்துக் கத்தினாள். "பாத்துக்கோ. இடமே இல்ல."

எதிர் வரிசைகளில் ஃபைல்கள் உருவப்படும் சத்தம். ஒன்று. இரண்டு. நாலாபக்கமும். ஒவ்வொன்றாக அவள் காலடியில் வந்து, விளிம்பு விளிம்பாக நேர்த்தியாக அடுக்கப்பட்டன. போன் மடியில் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கக் கை வரவில்லை.

நான்கு ஐம்பது.

பின்னால் சுவர்தான். ரேக்குக்கும் சுவருக்கும் நடுவே ஒரு காகிதம்கூட நுழையாது.

அங்கேயிருந்து விரல்கள் வந்தன. ஈரமாக. விலாவில் பட்டன. எலும்பு எலும்பாகத் தடவி எண்ணின. பிறகு உள்ளங்கை முழுசாக அவள் முதுகில் பதிந்து, மெதுவாக, பொறுமையாக, புது ஃபைலுக்கு இடம் பண்ணுவது போல ஒரு ஓரமாக அவளைத் தள்ளி ஒதுக்கத் தொடங்கியது.

ஒரு அங்குலம் நகர்ந்தாள்.

ஜெபா பல்லைக் கடித்தாள். செருப்பை உதறிவிட்டு, வெறும் குதிகால்களைத் தரையில் ஊன்றி, முழு பலத்தையும் கூட்டித் திருப்பித் தள்ளினாள்.

இரண்டாவது கையும் வந்தது.